வர்கீஸ் சேட்டன் காலையில் ஊத்தின தண்ணி

ஒர்க்‌ஷாப்புல புதுசா சேர்ந்திருக்கிற மக்களே, நீங்க கேட்டதுக்குப் பதில் எழுதுறேன். உங்கள்ல பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கச் சொன்னா எழுத்துக் கூட்டுவீங்க. பரவாயில்லை. வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் சாயா நேரத்துல சத்தமா வாசிங்க, மத்தவங்க கையைத் துடைச்சுட்டு வந்து கேளுங்க. மலையாளத்துல எழுதித் தரக் கூடாதா அண்ணாச்சின்னு ஒருத்தன் கேட்டான். எனக்கு மலையாளத்துல சண்டை போடத் தெரியும், மீன் வாங்கத் தெரியும். எழுத உட்கார்ந்தா மட்டும் கை வராது. மட்டாஞ்சேரியிலயே பிறந்து வளர்ந்தும் அது அப்படித்தான்.

வேனுக்கு டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் எப்ப மாத்தணும்? இதுதான் உங்க கேள்வி. கேட்டு முடிக்கிறதுக்குள்ள உங்கள்லயே ஒருத்தன் போனைத் தடவிப் பதிலையும் சொல்லிட்டான். இத்தனை கிலோமீட்டர், இல்லைன்னா இத்தனை வருஷம், எது முன்னாடி வருதோ அது. சரிதான்டா. வண்டியைச் செஞ்சவன் சும்மா சொல்லலை, அந்தக் கணக்கைத் தாண்டி யாரையும் ஓட்ட விடாதீங்க. நான் சொல்ல வர்றது, அந்தக் கணக்கு வர்றதுக்கு முன்னாடியே மாத்த வேண்டி வர்ற வண்டிகளைப் பத்தி. நம்மகிட்ட வர்றதுல முக்கால்வாசி அந்த ஜாதிதான்.

ஏன்னு கேளுங்க. மீட்டர் எண்ணுறது சக்கரம் ஓடின ஓட்டத்தை. பெல்ட் தேயுறது எஞ்சின் ஓடின ஓட்டத்துல. இடப்பள்ளியைத் தாண்டி ஹைவேயில பறக்கிற வண்டிக்கு ரெண்டும் கூடவே போகும். நம்ம வண்டி தோப்பும்படி பாலத்து டிராஃபிக் ப்ளாக்குல நிக்கும், வண்டியை அக்கரை சேர்க்கிற ஜங்கார் படகுல ஏற வரிசையில நிக்கும், ஆஸ்பத்திரி வாசல்ல ஏசியைப் போட்டுக்கிட்டு நிக்கும். சக்கரம் அசையாது, எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். அதனால மீட்டரைப் பார்த்துட்டு இன்னும் பாதிகூட ஆகலையேன்னு சொல்றவன்கிட்ட, வண்டி எங்க நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கேளுங்க.

பெல்ட் ரப்பர். அறுந்தா அறுந்ததுதான், முன்கூட்டி ஒரு சத்தம்கூடக் கொடுக்காது. மேல வால்வும் கீழ பிஸ்டனும் தாளம் தப்பி ஒண்ணுக்கொண்ணு இடிச்சு எஞ்சின் நாசமாப் போகும். நம்ம வேன் பலதுலயும் அதே பெல்ட்தான் எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணியை ஓட்டுற வாட்டர் பம்ப்பையும் சுத்துது. ஒருதடவை மீன் ஏத்துற வண்டிக்காரர் ஒருத்தர் வேற எங்கேயோ புது பெல்ட் போட்டுட்டு, பம்ப் நல்லாத்தானே ஓடுதுன்னு பழசையே விட்டுட்டார். வல்லார்பாடத்துல சரக்கை இறக்கிட்டுத் திரும்புறப்ப பம்ப் இறுகிப் போய் புது பெல்ட்டைக் கடிச்சு மென்னுருச்சு. கயிறு கட்டித்தான் இழுத்துட்டு வந்தாங்க. ரெண்டையும் பிரிக்கிறது ஒரே வேலை, அதனால ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. இந்த விஷயம் இதோட முடிஞ்சுது.

இனி வர்கீஸ் சேட்டன் கதை.

பள்ளுருத்திக்காரங்க சில பேர் சேர்ந்து ஒரு வேன் வாங்கிப் போட்டிருந்தாங்க, டயாலிசிஸ் நோயாளிகளுக்காக. கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்ல, அவங்களை வீட்டு வாசல்ல இருந்து ஏத்தி எறணாகுளத்துக்குக் கூட்டிப் போய், முடிஞ்சதும் வீட்டுல கொண்டு விடணும். அந்த வேனுக்கு டிரைவர் வர்கீஸ் சேட்டன். நான் பார்த்த டிரைவர்மார்லயே அவரை மாதிரி வண்டியை வச்சுக்கிட்ட ஆள் கிடையாது. சீட்டுக்குத் துணி உறை, படியில ரப்பர் மெத்தை, கண்ணாடியில ஒரு விரல் ரேகை இருக்காது. சர்வீஸுக்கு விட்டுட்டு சாயா குடிக்கப் போகச் சொன்னாலும் போக மாட்டார். கையைக் கட்டிக்கிட்டு நம்ம தலைக்கு மேலயே நிப்பார். எனக்கு எரிச்சலா வரும். "சேட்டா, நான் உங்க வண்டியைத் தின்னுட மாட்டேன், போய் உட்காருங்க"ன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்.

ஒருநாள் காலையில ஆட்களை ஏத்திக்கிட்டே நேரா நம்ம வாசல்ல வந்து நின்னார். பக்கவாட்டுல தள்ளித் திறக்கிற கதவு பாதியில சிக்கிக்கிச்சு, மூட வரலை. கதவைக் கயித்தால கட்டிக்கிட்டு பாலத்தைத் தாண்ட அவருக்கு மனசு வரலை. உள்ளே நோயாளிகள் உட்கார்ந்திருந்தாங்க, முன்சீட்டுல எங்க எல்லாருக்கும் அக்கா மாதிரி இருக்கிற மெஹ்ரு இத்தா.

இத்தாவைப் பத்திச் சொல்லணும். சக்கரைப் பந்தி பக்கம் வீடு, வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். பின்னால உட்கார்ந்தா வயித்தைப் புரட்டும்னு முன்சீட்டை அவங்க பேருக்கு எழுதி வாங்கின மாதிரி வச்சிருந்தாங்க. அன்னிக்கு முகமெல்லாம் அதைச்சு, காலு செருப்புக்குள்ள நுழையாம வீங்கிப் போயிருந்தது. பேசுறப்ப நடுவுல நடுவுல மூச்சு வாங்குது. என்ன இத்தா இப்படின்னு கேட்டா, "முந்தின தடவை நான் போகலை அண்ணாச்சி. பேத்தி நிக்காஹ். மெஷின் எப்பவும் இருக்கும், அவளுக்கு நிக்காஹ் ஒரு தடவைதானே. அங்க நாரங்கா வெள்ளமும் குடிச்சுட்டேன்"னு சிரிக்கிறாங்க. எலுமிச்சம்பழ ஜூஸைத்தான் சொன்னாங்க. டயாலிசிஸ்காரங்களுக்குத் தண்ணி அளவுதான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். குடிச்ச தண்ணி வெளிய போக வழி கிடையாது, நெஞ்சுல போய் நிக்கும். அன்னிக்கு அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், நேரத்துக்கும் போயாகணும். அது அவங்களைப் பார்த்த யாருக்கும் தெரியும்.

கதவு பெரிய வேலை இல்லை, உருளை நகர்ந்திருந்தது. சரி பண்ணிக்கிட்டே வழக்கம்போலக் கேட்டேன். "வேற என்ன சேட்டா, எண்ணெய், தண்ணி ஏதாவது குறையுதா?"

"என் வண்டியிலயா? ஒரு சொட்டு குறையாது"ன்னார்.

அவர் பொய் சொல்ற ஆள் இல்லை. வண்டிக்கு அடியில தரை நனைஞ்சிருந்தது, பார்த்தேன். கொச்சியில ஏசி போட்டுக்கிட்டு வந்து நிக்கிற எந்த வண்டிக்கு அடியிலதான் தரை நனையாம இருக்கு? எஞ்சினைக் குளிர வைக்க ஊத்துற கூலண்ட் ஒழுகினா பச்சையோ சிவப்போ கறை இருக்கும், காய்ஞ்ச இடத்துல பொருக்குத் தட்டியிருக்கும். இதுல ஒண்ணும் இல்லை, வெறும் தண்ணி. போகலாம்னு கையைக் காட்டப் போனேன்.

அப்பத்தான் இத்தா ஜன்னல் வழியா என்னைக் கூப்பிட்டு நியாயம் கேட்டாங்க. "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. எனக்கு நாள் முழுக்கச் சேர்த்து அளந்து இத்தனூண்டு தண்ணி. இந்த வண்டிக்கு மட்டும் தினம் காலையில ஒரு பெரிய குப்பி. வர்கீஸ் இதுக்குக் குடிக்கக் கொடுக்காம எங்களை ஏத்தவே மாட்டான். முன்னெல்லாம் சின்னக் குப்பிதான் கொண்டு வருவான். இப்ப இதுக்குத் தாகம் கூடிப் போச்சு. அடுத்த ஜென்மம்னு ஒண்ணு இருந்தா நான் வேனாத்தான் பிறப்பேன்."

வண்டிக்குள்ள எல்லாரும் சிரிச்சாங்க. வர்கீஸ் சேட்டனுக்கும் பெருமைதான், முகம் மலர்ந்து போச்சு. எனக்கு மட்டும் அந்தக் குப்பிதான் மனசுல நின்னுது. சின்னக் குப்பி எதுக்குப் பெரிய குப்பி ஆச்சு?

சாக்கை விரிச்சுக் கீழ படுத்தேன். ஏசித் தண்ணி ஒரு பக்கம் சொட்டிக்கிட்டிருந்தது, தொட்டா ஜில்லுன்னு இருந்தது. எஞ்சினுக்கு முன்னால பெல்ட் கவர் முடியுற இடத்துல இன்னொரு ஈரம். அதைத் தொட்டேன். சூடு. ரெண்டு விரலையும் சேர்த்துத் தேய்ச்சுப் பார்த்தேன், லேசா வழுக்கிச்சு. பம்ப்புல இருந்து ஒழுகி, கவருக்குள்ள பெல்ட்டு மேல வழிஞ்சு, அப்புறம் தரைக்கு வருது. அதுல ஊறின ரப்பர் எப்ப வேணும்னாலும் அறும். தினம் தினம் நல்ல தண்ணி ஊத்தி ஊத்தி கூலண்ட் நீர்த்துப் போய், நிறம்னு ஒண்ணே இல்லாம ஆயிருக்கு. நம்ம கொச்சித் தண்ணியில உப்பு உண்டே, அந்தப் பொருக்காவது இருக்கணுமேன்னு யோசிச்சேன். அதுக்கும் பதில் அப்புறம் கிடைச்சுது. எஞ்சினுக்கு உப்பு ஆகாதுன்னு வர்கீஸ் சேட்டன் குழாய்த் தண்ணியைத் தொடவே மாட்டார். வீட்டுல ஃபில்டர் பண்ணின குடிதண்ணியைத்தான் குப்பியில பிடிச்சுட்டு வருவார்.

எந்திரிச்சு நின்னு சொன்னேன். "சேட்டா, எஞ்சினை நிறுத்துங்க. இந்த வண்டி இனிப் போகாது. எல்லாரையும் இறக்குங்க."

மக்களே, அந்த நேரம் எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. எஞ்சின் அவ்வளவு அழகா ஓடிக்கிட்டிருக்கு. ஒரு நடுக்கம் இல்லை, சூடு முள்ளும் இருக்க வேண்டிய இடத்துலதான் நிக்குது. உள்ளே நோயாளிகள், முன்சீட்டுல மூச்சு வாங்குற இத்தா. ஆஸ்பத்திரியில மெஷின் நேரம் தப்பினா அடுத்த ஆளை ஏத்திருவாங்க. நான் ஒருத்தன் மட்டும் விரலைத் தேய்ச்சுப் பார்த்துட்டு வண்டி போகாதுங்கிறேன்.

வர்கீஸ் சேட்டன் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "அண்ணாச்சி, விளையாடுறதுக்கு நேரம் இல்லை! நான் சொல்றேன், தண்ணி குறையலை!"

"குறையாதுதான். குறையறதுக்குள்ள நீங்கதான் ஊத்திடுறீங்களே."

சேட்டன் அதோட விடலை. போனை எடுத்து வேன் வாங்கிப் போட்டவங்களோட செக்ரட்டரி சாருக்குப் போட்டு என் கையில கொடுத்தார். அவர் நல்ல மனுஷன், தன்மையாத்தான் கேட்டார். "அண்ணாச்சி, இந்த ஒரு தடவை? பக்கத்துலதானே ஆஸ்பத்திரி? கொண்டு விட்டுட்டு நேரா உங்ககிட்டயே வந்துடட்டும். போய்ச் சேராதா?"

போய்ச் சேரும்னுதான் எனக்கும் தோணிச்சு, உண்மையைச் சொல்றேன். நூத்துக்குத் தொண்ணூறு போய்ச் சேர்ந்திருக்கும். இந்த இடத்துலதான் நீங்க நல்லா நினைவு வச்சுக்கணும். அறுமா அறாதான்னு மனசுக்குள்ள பட்டிமன்றம் நடத்தினா முடிவே வராது. அறுந்தா எங்க நிப்போம்னு ஒரு கேள்வி கேளுங்க, போதும். நான் கேட்டேன். காலை நேரத்துப் பாலம், முன்னாலயும் பின்னாலயும் வண்டி, நடுவுல செத்துப் போன வேன். உள்ளே ஏசி இல்லாம இத்தா. அங்க ஒரு ஆட்டோ உள்ள வர முடியாது, இவங்களால இறங்கி நடக்கவும் முடியாது. ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னா நேரம்தான் போகும். பாலத்து நடுவுல நின்னா ஆளே போயிரும்.

"போய்ச் சேரலாம் சார். சேரலைன்னா இத்தாவை என்னால திருப்பிக் கொண்டு வர முடியாது"ன்னேன். அப்புறம், "சரி, ஆட்டோ பிடிங்க. ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிக்கிறேன்"ன்னார்.

நம்ம முக்குல நிக்கிற ஆட்டோக்காரங்களை உங்களுக்குத் தெரியும். எறணாகுளம்னாலே மூஞ்சியைச் சுளிப்பாங்க, திரும்பி வர ஆள் கிடைக்காது. டயாலிசிஸ் வண்டி நின்னு போச்சுன்னு நான் கத்தினதும், குடிச்சுக்கிட்டிருந்த சாயாவை அப்படியே வச்சுட்டு ஒவ்வொருத்தனா வண்டியைத் திருப்பிட்டு வந்தான். முதல் ஆட்டோவுல இத்தாவை ஏத்தினோம். வர்கீஸ் சேட்டன்தான் ரெண்டு கையாலயும் தாங்கி ஏத்தினார். அவரும் பக்கத்துலயே ஏறிக்கிட்டார். என் முகத்தைப் பார்க்கலை.

இத்தா மட்டும் தலையை வெளிய நீட்டி, "என்டெ படச்சோனே, நான் வாயைத் திறந்ததாலதானே இத்தனையும்"ன்னாங்க.

"ஆமா இத்தா, வாயை மூடாதீங்க"ன்னேன்.

ஆட்டோ போனதுக்கப்புறம் கவரைக் கழட்டினோம். பெல்ட் கூலண்ட்டுல ஊறி ஊதிப் போயிருந்தது. ஒரு ஓரம் முழுக்கப் பிரிஞ்சு நூல் நூலா நின்னுது. பம்ப்பைப் பிடிச்சு ஆட்டினா கையோட ஆடுச்சு. அன்னிக்கே அறுந்திருக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நீங்களும் இந்த வேலையில இப்படி ஒரு முடிவு எடுப்பீங்க, எடுத்தது சரிதான்னு கடைசி வரைக்கும் நிரூபிக்க முடியாது. அதுக்காக ராத்தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

வர்கீஸ் சேட்டன் திரும்பி வந்தப்ப மதியம் ஆயிருந்தது. இத்தா மெஷின்ல ஏறிட்டாங்க, கொஞ்சம் தாமதம், ஆனா கிடைச்சுதுன்னு சொன்னார். பெல்ட்டை அவர் கையில கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வேனோட படியிலேயே உட்கார்ந்துட்டார். கண்ணு கலங்கிப் போச்சு.

"கர்த்தாவே, கவனிக்கிறேன் கவனிக்கிறேன்னு நானேதான் மறைச்சு வச்சிருக்கேன், இல்லையா அண்ணாச்சி? எங்க வீட்டுல குடிக்கிற தண்ணி அது. இவங்க நடுவழியில நிக்கக் கூடாதுன்னுதான் ஊத்தினேன்."

எனக்குத் தாங்கலை. இத்தனை நாளா அவர்மேல இருந்த எரிச்சல் எங்க போச்சுன்னே தெரியலை. பக்கத்துல உட்கார்ந்தேன். "சேட்டா, நீங்க ஊத்தலைன்னா எஞ்சின் என்னிக்கோ வெந்து போயிருக்கும். நீங்க செஞ்சது தப்பில்லை. எங்ககிட்ட சொல்லியிருக்கணும், அவ்வளவுதான். நாங்களும் வேற மாதிரி கேட்டிருக்கணும்"ன்னு சொன்னேன். அவர் பெல்ட்டைக் கீழ வைக்கவே இல்லை.

புது பெல்ட் அன்னிக்கே கிடைச்சுது. பம்ப் இடப்பள்ளி ஸ்பேர் கடைகள்ல கேட்டும் இல்லை, வெளியில இருந்து வரணும். பெல்ட்டை மட்டும் போட்டு ஓட்டலாமேன்னு நம்ம ஆட்கள்லயே ஒருத்தர் ஆரம்பிச்சார். மீன் வண்டியை ஞாபகப்படுத்தினேன். பம்ப் வர்ற வரைக்கும் வேன் நம்ம ஷெட்டுலதான் நின்னுது. அடுத்த தடவையும் அதே ஆட்டோக்காரங்கதான் வந்து ஏத்திட்டுப் போனாங்க, யாரும் கூப்பிடாமலே. இத்தாவோட வீக்கமும் வடிஞ்சுது. பம்ப் வந்ததும் பெல்ட், பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் எல்லாத்தையும் ஒண்ணா மாத்தி, சரியான கூலண்ட் ஊத்தி வண்டியைக் கொடுத்தேன்.

அதனால உங்க கேள்விக்கு என் பதில் இது. கிலோமீட்டரோ வருஷமோ, எது முன்னாடி வருதோ அப்ப மாத்துங்க. நின்ன இடத்துல ஓடுற வண்டின்னா அதுக்கும் முன்னாடியே மாத்துங்க. பம்ப்புல ஈரம் கண்டா அன்னிக்கே வண்டியை நிறுத்துங்க. ஆனா ஈரம் கண்ணுல படணும்னா, வண்டியைக் கொண்டு வர்றவர்கிட்ட தண்ணி குறையுதான்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடாதீங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து வண்டியை எடுக்கிற வரைக்கும் என்னென்ன செய்வீங்கன்னு கேளுங்க. அலட்சியமா ஓட்டுறவன் வண்டி சூடாகி நடுரோட்டுல நின்னு தானே சொல்லிடும். நல்லாப் பார்த்துக்கிறவங்க வண்டிதான் கடைசி வரைக்கும் சொல்லாது.

வண்டியைக் கொடுத்தப்ப வர்கீஸ் சேட்டன்கிட்ட, ஒரு ஓட்டம் முடிச்சுட்டு அடுத்த ஓட்டத்தன்னிக்குக் காலையில, எறணாகுளம் கிளம்புறதுக்கு முன்னாடி இங்க நிறுத்தித் தண்ணி மட்டத்தைக் காட்டிட்டுப் போங்கன்னு சொல்லியிருந்தேன். வந்தார். முதல் ஆளா இத்தாவை ஏத்திட்டு வந்திருந்தார், முன்சீட்டுல. இறங்கினார், பழக்க தோஷத்துல கையில அந்தப் பெரிய குப்பி. பானட்டைத் திறந்தோம். கூலண்ட் டப்பாவுல நான் போட்ட கோட்டுலயே நின்னுது, ஒரு நூல் இறங்கலை.

வர்கீஸ் சேட்டன் நிறைஞ்ச குப்பியோட அப்படியே நின்னார். சந்தோஷப்படணும், ஆனா என்ன செய்யணும்னே தெரியாத மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு நின்னார். பாவமாத்தான் இருந்துச்சு.

முன்சீட்டுல இருந்து சத்தம் வந்தது. "வர்கீஸே, அதுக்கு வேண்டாம்னா இங்க கொண்டு வா. எனக்கு ஒரு வாய்."

"டாக்டர் என்னைக் கொன்னுடுவார் இத்தா."

"உன்னைத்தானே, என்னை இல்லையே. கொண்டு வா."

அவர் என்னைப் பார்த்தார். நான் பானட்டை மூடுற மாதிரி திரும்பிக்கிட்டேன். சேட்டன் ஜன்னல் பக்கம் போய் குப்பி மூடியைத் திருகி, அந்த மூடியில தளும்பத் தளும்ப ஊத்தி நீட்டினார். இத்தா அதை வாயில வச்சுக்கிட்டு, உடனே முழுங்காம, கண்ணை மூடி ரொம்ப நேரம் அப்படியே இருந்தாங்க. அப்புறம் முழுங்கிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தாங்க.

"என்ன ருசிடா. இத்தனை நாளா இதையா இந்த வண்டிக்குக் கொடுத்தே?"